வடசென்னை வீடுகளில் ஒயிட் நாய்ஸ் மெஷின்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எண்ணூர் விரைவுச்சாலையையும் மணலி சாலையையும் ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இரவு என்பது துறைமுகங்களுக்குப் போய்வரும் கன்டெய்னர் லாரிகளின் நேரம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில்கள் நள்ளிரவிலும் ஓய்வதில்லை. காசிமேட்டில் பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடுவதால், ஆட்டோக்களும் மினி லாரிகளும் இருட்டிலேயே வந்து குவிகின்றன. வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதால், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சித் தொடரின் வசனம்கூடத் தலையணைவரை வந்து சேரும். 1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட காலந்தொட்டே சத்தத்தோடு வாழப் பழகிய ஊர் இது என்றாலும், பழகிவிட்டோம் என்று நாம் நினைக்கும் இரவுகளிலும் நம் உடல் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. வெளியே சத்தம் எழும்போது தூங்குபவரின் நாடித்துடிப்பு, அவர் கண் விழிக்காவிட்டாலும், சற்று நேரம் உயரக்கூடும்.

இத்தகைய வீடுகளில் ஒயிட் நாய்ஸ் மெஷின் எனும் சிறு கருவியை முதன்முறையாகப் பயன்படுத்த விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். சத்தத்தை நிறுத்தும் ஆற்றல் இக்கருவிக்கு இல்லை. ஆனால் சரியாகப் பயன்படுத்தினால் விழிப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியும். தவறாகப் பயன்படுத்தினால் ஏற்கெனவே சத்தமான அறையில் இன்னொரு சத்தம் கூடும், அவ்வளவுதான்.

கருவி எப்படி வேலை செய்கிறது

இக்கருவி வெளிச் சத்தத்தைத் தடுப்பதும் இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. ஒரே சீரான இரைச்சலை இரவு முழுவதும் எழுப்புவது மட்டுமே அதன் வேலை. தூக்கத்திலும் காது மூடிக்கொள்வதில்லை என்பதால் மூளை ஒலிகளைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பெரும்பாலும் எழுப்புவது ஒலியின் மொத்த அளவைவிட, பின்னணிக்கு மேலே ஒரு சத்தம் எவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது என்பதே. ஒலியளவின் அலகு டெசிபல். அறையில் 30 டெசிபல் அமைதி நிலவும்போது 55 டெசிபலில் ஒரு ஹாரன் உள்ளே வந்தால் இடைவெளி 25 டெசிபல். அதே அறையில் 42 டெசிபல் அளவில் சீரான இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தால் இடைவெளி 13 டெசிபலாகச் சுருங்கிவிடுகிறது. பகலில் ஏற்றி வைத்த அகல் விளக்கைப்போல, பக்கத்து வீட்டுப் பேச்சு இருந்துகொண்டே இருந்தும் நம் கவனத்துக்கு வராமல் போகிறது.

ஆகவே இந்தக் கலையின் சாரம் இடைவெளியைக் குறைப்பதில் இருக்கிறது. ஊர்ச் சத்தத்தை அமுக்குமளவுக்குக் கருவியைக் கத்தவிடுவதில் இல்லை. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால் கீழே வரும் படிகள் அனைத்தும் தாமாகவே புரியும்.

சான்றுகளைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தொடர் இரைச்சல் தூக்கத்துக்கு உதவுகிறதா என்பது குறித்த 38 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரை, அவற்றின் சான்றுத்தரம் மிகக் குறைவானது என்று முடிவு கூறியது. சிலருக்கு நன்றாக உதவுகிறது, சிலருக்கு இடையூறாகவும் ஆகிறது. அதனால்தான் பணத்தைச் செலவழிப்பதற்கு முன் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கும் வழியை இக்கட்டுரையில் முதலில் வைத்திருக்கிறேன்.

முதல் படி: உங்கள் இரவைக் கேட்டுப் பாருங்கள்

ஒரு வாரம் எந்த மாற்றமும் செய்யாமல், இரவில் விழிப்பு வந்த நேரத்தையும் எழுப்பிய சத்தத்தையும் காலையில் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இரவில் எழுந்து விளக்கைப் போட்டு எழுத வேண்டாம். தோராயமான நேரம் போதும்.

பிறகு அந்தச் சத்தங்களை வகைபிரித்துக்கொள்ளுங்கள். பேச்சு, தொலைக்காட்சி, பாத்திரம் கழுவும் ஓசை, மோட்டார்சைக்கிள், தெருநாய்களின் குரைப்பு ஆகியவை நடுத்தர, உயர் அதிர்வெண்களைச் சேர்ந்தவை. (அதிர்வெண் என்பது ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்; ஹெர்ட்ஸ் அதன் அலகு.) மனிதப் பேச்சை அடையாளம் காண உதவும் ஒலிகளில் பெரும்பகுதி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸுக்குள் அடங்குகிறது. தொலைபேசிகள் நீண்ட காலம் அந்த எல்லைக்குள்தான் இயங்கின. இவ்வகைச் சத்தங்களுக்கே இக்கருவி மிக நன்றாகப் பயன்படும்.

நின்ற இடத்தில் உறுமும் லாரி எஞ்சின், ஜெனரேட்டர், தொலைவில் ஊர்ந்து போகும் சரக்கு ரயில் ஆகியவை தாழ்ந்த அதிர்வெண்ணைச் சேர்ந்தவை. ஓர் ஒலியை மறைக்க வேண்டுமானால், மறைக்கும் இரைச்சலிலும் ஏறத்தாழ அதே அதிர்வெண்ணில் ஆற்றல் இருக்க வேண்டும். கைக்கடக்கமான கருவியின் சிறு ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறிப்பிடத்தக்க ஒலியை எழுப்ப முடியாது. ஆகவே லாரி உறுமலுக்கு அந்தச் சிறு கருவி பெரிதாக உதவாது. சற்றுப் பெரிய ஸ்பீக்கர் தேவைப்படும்.

தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வந்து கட்டிலைத் தொடும் அதிர்வு மூன்றாவது வகை. தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் ஜன்னல் சட்டம் கிடுகிடுக்கிறது என்றால், அதை எந்த இரைச்சலாலும் மறைக்க இயலாது. கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவதும், கால்களுக்கு அடியில் கனமான ரப்பர் கட்டைகளை வைப்பதும், தளர்ந்த ஜன்னல் கொக்கியை இறுக்குவதும் அங்கே கருவியைவிட அதிகம் பயன் தரும். ஏர் ஹாரன், பட்டாசு போன்ற உச்சச் சத்தங்களையும் எதிர்பார்ப்பிலிருந்து விலக்கிவிடுங்கள். அவற்றை மறைக்குமளவுக்கு ஒலியைக் கூட்டினால் அந்த ஒலியே தீங்காகிவிடும்.

குறிப்பில் பெரும்பாலும் முதல் வகைச் சத்தங்களே இருந்தால் தயங்காமல் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: ஓட்டைகளை அடையுங்கள், ஆனால் காற்றை அடைத்துவிடாதீர்கள்

சத்தம் காற்றைப்போலவே சந்துகளின் வழியாக நுழைகிறது. கதவுக்கு அடியிலுள்ள இடைவெளிக்கு ரப்பர் பட்டையும், ஜன்னல் கதவுகள் சட்டத்தில் பொருந்தும் இடத்துக்கு ஃபோம் பட்டையும் ஒட்டுவது மலிவான வேலை. ஹார்ட்வேர் கடைகளில் இவை எளிதாகக் கிடைக்கும். மின்கம்பி வரும் துளைகளையும், ஏசி பொருத்தியபோது விட்டுப்போன ஓட்டைகளையும் பார்க்கத் தவறாதீர்கள்.

ஆனால் ஏசி இல்லாத ஒற்றை ஜன்னல் அறையிலோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டிலோ, சித்திரை வைகாசியில் ஜன்னலை மூடித் தூங்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாதது. வெக்கையும் தூக்கத்தைக் கெடுக்கும். அத்தகைய வீட்டில் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். கருவியை எங்கே வைப்பது என்பதன் மூலம் இக்குறையைக் கொஞ்சம் ஈடுகட்டலாம்.

மூன்றாம் படி: வீட்டில் ஏற்கெனவே இருப்பதை வைத்துச் சோதியுங்கள்

நம் வீடுகளில் மின்விசிறிதான் பல தலைமுறைகளாக இவ்வேலையைச் செய்து வருகிறது. மார்கழியில் குளிருக்காக விசிறியைக் குறைத்துவிட்டுப் படுக்கும்போது, மற்ற மாதங்களில் கேட்காத நாய்க் குரைப்பெல்லாம் கேட்பதற்கு இதுவே காரணம். 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் தூக்கக் கருவிகளும், துளையிட்ட உறைக்குள் சுழலும் சிறு விசிறியாகவே இருந்தன. அந்த வகை இன்றும் விற்கிறது. ஆகவே டேபிள் ஃபேன் ஒன்று வீட்டில் இருந்தால், அதை உடம்பின் மேல் காற்று படாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி, ஓரிரு இரவுகள் ஓடவிட்டுப் பாருங்கள். சீலிங் ஃபேன் கடகடவென்று தாளம் போடுமானால் அது சீரான இரைச்சல் ஆகாது. பேரிங்கையும் இறக்கைகளையும் சரிபார்த்த பிறகே அதை நம்பலாம்.

அடுத்த சோதனை கைபேசி. ஐபோனில் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் பின்னணி ஒலிகள் என்ற வசதி அமைப்புகளிலேயே, அணுகல் வசதிகள் பகுதிக்குள், இருக்கிறது; இணையமும் விளம்பரமும் இல்லாமல் சீரான இரைச்சல், மழை, ஓடை ஆகியவற்றை ஒலிக்கவிடலாம். ஆண்ட்ராய்டில் தனிச் செயலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒலிக்கோப்பைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் எட்டு மணி நேரக் காணொளியைப் போட்டுவிட்டுப் படுப்பவர்கள், அதிகாலையில் விளம்பரக் குரலைக் கேட்டு எழ நேரிடும். ப்ளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சார்ஜ் குறையும்போது பல ஸ்பீக்கர்கள் உரத்த குரலில் அதை அறிவிக்கும். எனவே சார்ஜரில் செருகியபடியே ஓட்டக்கூடிய ஸ்பீக்கரைப் பயன்படுத்துங்கள். காதில் இயர்பட் மாட்டிக்கொண்டு தூங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒலி மிக அருகில் இருப்பதோடு, சென்னையின் புழுக்கத்தில் காது அடைபட்டு ஈரமாகவே இருப்பது தொற்றுக்கு வழிவகுக்கும்.

இந்தச் சோதனையில் வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு என்று அழைக்கப்படும் மூன்று வகை இரைச்சல்களையும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். வெள்ளை இரைச்சலில் எல்லா அதிர்வெண்களிலும் சம ஆற்றல் இருப்பதால் அது காதுக்குச் சீறலாகக் கேட்கும். இளஞ்சிவப்பு இரைச்சலில் அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஆற்றல் 3 டெசிபல் குறைவதால் அது நிதானமான மழையை ஒத்திருக்கும். பழுப்பு இரைச்சலில் அது 6 டெசிபல் குறைவதால், தொலைவில் கேட்கும் கடலைப்போன்ற ஆழ்ந்த முழக்கம் உண்டாகிறது. பேச்சுச் சத்தம் தொல்லையாக இருந்தால் முதல் இரண்டில் ஒன்றும், வண்டி உறுமல் தொல்லையாக இருந்தால் பெரிய ஸ்பீக்கரில் பழுப்பும் பொருந்தும். இதற்கு மேல் எது நல்லது என்பது அவரவர் காதின் விருப்பம். அலை, பறவை, இடிமழை போன்ற ஏற்ற இறக்கமுள்ள ஒலிகள் கேட்க இனிமையானவை என்றாலும், அந்த ஏற்ற இறக்கமே விழிப்புக்குக் காரணமாகலாம் என்பதால் இரவு முழுவதற்கும் அவற்றை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஒரு வாரச் சோதனையில் எந்த மாற்றமும் இல்லையென்றால் தனிக் கருவி வாங்குவதால் மாறிவிடப் போவதில்லை. மாற்றம் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

நான்காம் படி: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

விசிறி வகையில் ஒரே ஒலிப்பதிவு திரும்பத் திரும்ப ஓடும் சிக்கல் இல்லை, சுவிட்ச் எளிது, ஆனால் ஒலியின் வகை மிகக் குறைவு. மின்னணு வகையில் ஒலிகள் பல; ஆனால் மலிவான கருவிகளில் சில விநாடிப் பதிவு ஒன்றே திரும்பத் திரும்ப ஓடும். பதிவு முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் சிறு தடுக்கலோ, ஒரே மாதிரியான ‘டிக்’ ஓசையோ கேட்டால் அக்கருவி வேண்டாம். ஒருமுறை அது காதில் பட்டுவிட்டால் பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ கடை வாசலில் நின்று கேட்டால் சந்தடியில் இது தெரியாது; ஆகவே ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்ளும் இடத்தில் வாங்குவதே நல்லது.

எனக்கு முக்கியமாகப் படுவது மின்சாரம் பற்றிய கேள்வி. மின்தடை வந்ததும் விசிறியும் கருவியும் ஒருசேர நின்று, தெருச் சத்தம் முழுவதும் ஒரே நொடியில் உள்ளே வருமானால், அந்த மாற்றமே ஆளை எழுப்பிவிடும். உள்ளே பேட்டரி உள்ள கருவியையோ, 5 வோல்ட் யூஎஸ்பி மூலம் பவர் பேங்கில் ஓடும் கருவியையோ தேர்ந்தெடுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், கருவி செருகப்படும் பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் இணைப்பில் உள்ளதா என்று பாருங்கள். பல வீடுகளில் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமே அந்த இணைப்பு இருக்கும். மேலும், தொடுபொத்தான் உள்ள கருவிகளில் பல, மின்சாரம் திரும்பினாலும் தாமாக ஓடத் தொடங்குவதில்லை. வாங்கிய அன்றே பிளக்கைப் பிடுங்கி மீண்டும் செருகிச் சோதித்துவிடுங்கள்.

ஒலியைப் படிப்படியாக, மிகச் சிறிய அளவில் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். இரவு முழுவதும் நிற்காமல் ஓடும் வசதி வேண்டும். ஒரு மணி நேரத்தில் அணைந்துபோகும் டைமர் மட்டும் இருந்தால் போதாது. தூக்கம் விடியலை நெருங்க நெருங்க மேலோட்டமாகிறது. காசிமேட்டு வண்டிகளும், தண்ணீர் லாரியும், குடங்களின் சத்தமும் அந்த நேரத்தில்தான் தொடங்குகின்றன. பளிச்சென்ற நீல விளக்கு எரியும் கருவியானால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வைக்கும் இடமும் ஒலியின் அளவும்

புதியவர்கள் கருவியைத் தலைமாட்டில் வைத்துவிடுகிறார்கள். அதன் சரியான இடம், சத்தம் நுழையும் வழிக்கும் உங்கள் தலைக்கும் நடுவே, ஜன்னலையோ கதவையோ ஒட்டியதாகும். தலையணையிலிருந்து 2 மீட்டராவது விலகியிருக்கட்டும். பத்தடிக்குப் பத்தடி அறையில் இது கால்மாட்டு மூலையாக அமையும். திறந்த ஜன்னலோடு தூங்குபவர்கள் ஜன்னலுக்குக் கீழே ஒரு மர முக்காலியில் வைக்கலாம். மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு பீரோவின் மேல் வைத்தால் தகடு சேர்ந்து அதிரும். மெத்தையின் மேல் வைத்தால் காற்றுத் துளைகள் அடைபட்டுக் கருவி சூடாகும்.

ஒலியளவை இப்படி முடிவு செய்யுங்கள். வழக்கமாகச் சத்தம் இருக்கும் ஒரு நேரத்தில் படுத்துக்கொண்டு, வீட்டிலுள்ள ஒருவரைக் கருவியை மிகக் குறைந்த அளவிலிருந்து மெல்லக் கூட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பேச்சு காதில் விழுந்தும் சொற்கள் புரியாமல் போகும் புள்ளி ஒன்று வரும். அங்கேயே நிறுத்துங்கள். பேச்சு முழுவதும் மறைய வேண்டும் என்று மேலே போகாதீர்கள், ஏனெனில் சொற்கள் புரியாதபோதே மூளை அதைப் பின்தொடர்வதை விட்டுவிடுகிறது. பிறகு, படுத்தபடியே அருகில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் ஒலி அதிகம்.

எண்ணில் சொல்ல வேண்டுமானால், தலையணையருகில் 40 முதல் 45 டெசிபல் போதும். 50-ஐத் தாண்ட வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் 1999 வழிகாட்டுதல், படுக்கையறையில் தொடர் ஒலி 30 டெசிபலுக்கு மேல் போகாமல் இருப்பதே நல்லது என்கிறது. நெடுஞ்சாலை ஓரத்து அறைகளில் அந்த அமைதியைப் பெறுவது அரிது என்பதால்தான் நாம் இந்தச் சமரசத்தைச் செய்கிறோம். உண்மையிலேயே அமைதியான அறை கிடைத்தவர்களுக்கு இக்கருவி தேவையில்லை. கைபேசியில் ஒலியளக்கும் செயலிகள் உள்ளன. அவற்றின் எண்கள் கைபேசிக்குக் கைபேசி வேறுபடும் என்பதால், நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள். 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த அளவை ஒருமுறை முடிவு செய்துவிட்டு ஆண்டு முழுவதும் விட்டுவிடவும் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை; காசிமேட்டை ஒட்டிய தெருக்களில் விடியல் சந்தடி குறையும். அப்போது கருவியின் ஒலியையும் குறைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: முதல் சில இரவுகள்

புதிய ஒலி முதலில் கவனத்தை இழுக்கத்தான் செய்யும். படுப்பதற்கு அரைமணி நேரம் முன்பே கருவியை ஓடவிட்டு, அந்த ஒலியோடு விளக்கைக் குறைத்துக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில் படுத்தால் பழக்கம் விரைவில் வரும். இரண்டு வாரங்கள் போதுமான கால அளவு. அதற்குப் பிறகும் எரிச்சலாக இருந்தால் ஒலியின் வகையை மாற்றுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

வீடு முழுவதும் ஒரே கூடத்தில் படுக்கும் குடும்பங்களில் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். பாட்டிக்கோ தாத்தாவுக்கோ காது மந்தமாக இருந்தால், இந்தப் பின்னணி இரைச்சலால் அருகில் பேசுவதே அவர்களுக்குப் புரியாமல் போகலாம். இரவில் அவர்கள் தண்ணீர் கேட்கும் குரல் உங்களுக்கும் கேட்க வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவர் உள்ள வீட்டில் அழைப்பு மணி ஒன்றை அவர் கைக்கெட்டும் தூரத்தில் பொருத்திய பிறகே கருவியைத் தொடங்குங்கள். நீங்கள் பகிர்ந்துகொள்ளும் சுவரில் கருவியைச் சாய்த்து வைக்காதீர்கள். உங்கள் நிம்மதி பக்கத்து வீட்டாரின் தொல்லையாகிவிடக் கூடாது.

இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குபவர்களுக்கு

மணலியின் ஆலைகளிலும், எண்ணூரின் தொழிற்சாலைகளிலும், துறைமுகங்களிலும் இரவுப் பணி பார்த்துவிட்டுக் காலையில் வீடு திரும்புபவர்களுக்கு இக்கருவி பெருமளவு பயன்படும் என்பது என் எண்ணம். பகலின் சத்தங்களான பேச்சு, குக்கர் விசில், காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் ஆகிய அனைத்தும் மறைக்க ஏற்ற அதிர்வெண்ணில் இருக்கின்றன. ஆனால் வெளிச்சத்தைத் தடுக்காமல் ஒலியை மட்டும் சரிசெய்தால் பாதி வேலைதான் நடக்கும். கனமான அடர்நிறத் திரை ஒன்றைப் போடுங்கள். பகலில் தெருச்சத்தம் அதிகம் என்பதால் ஒலியைச் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கலாம். அப்போதும் 50 டெசிபல் எல்லை மாறாது.

கைக்குழந்தைகள் உள்ள வீட்டில்

பிறந்த குழந்தைகளை இந்த ஒலி விரைவில் தூங்கவைக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. 1990-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், ஒலி கேட்ட 20 குழந்தைகளில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கினார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர் மட்டுமே அப்படித் தூங்கினார்கள். ஆனால் 2014-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த கனடிய ஆய்வு, குழந்தைகளுக்கென்றே விற்கப்படும் 14 கருவிகளை அளந்தபோது, முழு ஒலியில் 30 சென்டிமீட்டர் தூரத்தில் அவை அனைத்துமே மருத்துவமனைக் குழந்தைகள் அறைக்கான 50 டெசிபல் வரம்பைத் தாண்டின. மூன்று கருவிகள் 85 டெசிபலையும் தாண்டின. 85 டெசிபல் என்பது தொழிற்சாலையில் ஒரு வளர்ந்த ஆள் எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாத அளவு.

எனவே தூளியிலோ தொட்டிலிலோ கருவியைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். குழந்தையிடமிருந்து 2 மீட்டருக்கும் அப்பால், ஒயர் எட்டாத இடத்தில், மிகக் குறைந்த ஒலியில் வையுங்கள். குழந்தை தூங்கியதும் அணைத்துவிடுங்கள். பெரியவர்களுக்கு இரவு முழுவதும் ஓட வேண்டும் என்று சொன்னேன். குழந்தைக்கு அது பொருந்தாது. குழந்தையின் காதும் மொழித்திறனும் வளர்வதற்கு வீட்டுப் பேச்சும் தாலாட்டும் கேட்க வேண்டும்.

கேட்டே ஆக வேண்டிய சத்தங்கள்

வடசென்னையில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, அங்குள்ள மக்கள் நள்ளிரவில் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் பல தெருக்கள் மூழ்கின. ஆலைகளுக்கு அருகிலும் தாழ்வான பகுதிகளிலும் இருப்பவர்கள், கதவைத் தட்டும் ஓசையும், தெருவில் கூப்பிடும் குரலும், கைபேசி மணியும் தங்களுக்குக் கேட்கும்படிதான் ஒலியை வைக்க வேண்டும். கருவியை ஓடவிட்டு, வெளியிலிருந்து ஒருவரைக் கதவைத் தட்டச் சொல்லிச் சோதியுங்கள். கைபேசியை அமைதி நிலையில் வைப்பவர்கள், நெருங்கிய சிலரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை உள்ள இரவுகளில் கருவி வேண்டாம்.

கருவியால் தீராதவை

ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி நள்ளிரவைத் தாண்டி ஒலித்தால், அதற்கு எதிராகக் கருவியைக் கூட்டிக்கொண்டே போவது காதைக் கெடுக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை; குடியிருப்புப் பகுதியின் இரவு வரம்பு 45 டெசிபல்; திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அந்த நேரத்தில் அனுமதி இல்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு தரலாம், அதற்கு மேல் இல்லை. முதலில் விழாக் குழுவினரிடம் நேரில் பேசிப் பாருங்கள். கேட்கவில்லையென்றால் காவல் துறையை 100 அல்லது 112 என்ற எண்ணில் அழையுங்கள்.

அறை அமைதியாக இருந்தும் வாரத்தில் குறைந்தது மூன்று இரவுகள் தூக்கம் வராமல், அது மூன்று மாதங்களுக்கு நீடித்தால், அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவம் வரையறுக்கிறது. அதற்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது மாத்திரையும் அல்ல, கருவியும் அல்ல, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனும் பயிற்சிமுறை. உரத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுபவரின் சத்தத்தை இரைச்சலால் மறைத்துவிட்டுப் பக்கத்தில் தூங்குவது ஆபத்தானது. அவருக்குத் தூக்கத்தில் மூச்சுத்தடை நோய் இருக்கலாம். காதுக்குள் ரீங்காரம் கேட்பவர்களுக்கு இந்த ஒலி ஆறுதல் தரலாம், ஆனால் ரீங்காரம் புதிதாகத் தொடங்கியிருந்தாலோ ஒரு காதில் மட்டும் கேட்டாலோ முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அதற்கான புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. குறட்டையும் மூச்சுத் திணறலும் உள்ளவரை அழைத்துப் போகும்போது, அவர் தூங்கும் சத்தத்தைக் கைபேசியில் சில நிமிடங்கள் பதிவு செய்து எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.